நெட்டையன் எழுத்தில் ஒரு பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நமுனுகுல பஸ்ஸில் ஏறியதுமே எனக்கு என்னவோ போலிருந்தது.

ஞாயிறு பஸ் என்றாலே சளசளப்புத்தான். யாராவது கோழியோடு ஏறுவார்கள், யாராவது அந்தக் கோழியோடு சண்டை போடுவார்கள். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. பெண்கள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். ஒருவர் மடியில் வாழையிலையில் சுற்றிய மாலை இருந்தது. அந்த ஈர இலை வாசனை பஸ் முழுக்க நிறைந்திருந்தது.

என் மடியில் பழுப்புத் தாளில் கட்டிய ஒரு பொதி. முதல்நாள் எங்கள் அச்சகத்தில் அடித்து மிஞ்சிய சுவரொட்டிகள். அவற்றைச் சேரவேண்டிய இடத்தில் சேர்க்கத்தான் நான் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த அக்காவிடம் மெல்லக் கேட்டேன். "எங்கக்கா எல்லாரும் சேந்து போறீங்க?"

"எழவு வீட்டுக்குத்தாம்மா. ஒனக்குச் சங்கதி தெரியாதா? மடுவத்து ஆயம்மா போயிட்டாங்க."

"எந்த ஆயம்மா?"

"மேக்கணக்கு ஆயம்மாதான். புஷ்பவள்ளி. ராஜமாணிக்கம் சம்சாரம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நேத்து மத்தியானம் பாத்தேனே அக்கா! எங்க பிரஸ்ஸுல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சாங்களே!"

"அப்படித்தாம்மா போயிடுது. எங்க மாமாவும் நாள் பூரா வெறகு வெட்டிட்டு வந்தாரு. வெத்தலய மடிச்சு வாயில வைக்கிறதுக்குள்ள போயிட்டாரு."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சும்மா கண் கலங்கவில்லை, ஓவென்று அழுதேன். அந்த அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பின்சீட்டிலிருந்து யாரோ ஒரு தோடம்பழத்தை என் கையில் திணித்தார்கள். அழுகைக்குத் தோடம்பழம் எப்படி மருந்தாகும் என்று கேட்காதீர்கள், மலையில் எல்லாவற்றுக்கும் யாராவது எதையாவது தின்னக் கொடுப்பார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் பார்வை என் மடிக்குப் போனது. "அது என்னம்மா பொதி?"

"போஸ்டருக்கா. ஆயம்மா போஸ்டர்."

"அட, நீதான் அடிச்சியா! நல்லாப் பெருசா அடிச்சிருக்கம்மா. பஸ் ஸ்டாண்டுல அந்தக் கோடியிலிருந்தே தெரிஞ்சிச்சு. நல்லாருப்ப."

அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. பொதியை மார்போடு கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

பிரஸ்ஸும் நானும்

போன வாரம் நான் பதுளையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொன்னேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பசார் வீதியில் ஒரு சாமான் கடைக்குப் பின்னால் எங்கள் பிரஸ். சுந்தரம் முதலாளிதான் சொந்தக்காரர். அவருடைய தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். முன்னால் மிளகாய்த்தூள், பின்னால் அச்சு மை. நான் வீட்டுக்குப் போனால் என் தங்கை முகர்ந்து பார்த்தே இன்றைக்குக் கடையில் ஆள் இல்லையா, பிரஸ்ஸில் ஆள் இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

மெஷின் ஓட்டுவது நிஹால் அண்ணன். சிங்களவர், என்னை 'நங்கி', தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. தேவையுமில்லை. எழுத்து நேராக நிற்கிறதா, மை சரியாகப் பிடித்திருக்கிறதா என்பது அவருக்கு எந்த மொழியிலும் தெரியும்.

இனி நெட்டையனுக்கு வருகிறேன்.

நெட்டையன்

நெட்டையன் ஆளில்லை. எங்கள் பிரஸ்ஸில் இருந்த ஒரு தலைப்பு எழுத்து. மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகள், ஒரு தேக்குப் பெட்டி நிறைய.

நல்ல உயரம். அகலம் கிடையாது. நிற்கிற கோடுகள் தடியாக, படுக்கிற கோடுகள் மெல்லிசாக, ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம் வைத்திருக்கும். அந்தப் பாதம் இருப்பதால்தான் அவ்வளவு ஒல்லியாக இருந்தும் தள்ளாடாமல் நிற்கும். தாளில் அடித்துச் சுவரில் ஒட்டினால் வீதிக்கு அந்தப் பக்கம் நிற்பவரையும் கூப்பிட்டு நிறுத்திவிடும்.

எனக்கு அந்த எழுத்தின்மேல் அப்படி ஓர் ஆசை. ஏனென்று பின்னால் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவைப் போல. இடம் இருக்காது, ஆனால் ஒரு குடும்பமே அடங்கும்.

அடங்க வேண்டிய அவசியமும் இருந்தது. மரண அறிவித்தல் அடிக்கிறபோது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் பெயரை இரண்டு வரியாக உடைக்கக் கூடாது. உடைத்தால் அந்த வீட்டில் அடுத்ததும் விழும் என்பார்கள். அதேநேரம் பெயரில் ஒரு துண்டையும் விடக் கூடாது. அப்பா பெயர், கங்காணிப் பட்டம், கூப்பிடுகிற பெயர் எல்லாம் வரவேண்டும். 'முத்துக்கருப்பன் கங்காணி பெரியசாமி என்கிற செல்லையா' என்று வந்து நிற்பார்கள். இதை ஒரே வரியில், பெரிதாக, ஒரு தாளின் அகலத்துக்குள் போட வேண்டும். உருண்டை எழுத்தில் போட்டால் பாதியிலேயே தாள் முடிந்துவிடும். நெட்டையனால் மட்டும்தான் முடியும்.

அதனால் கல்யாணம், பூப்புனித நீராட்டு, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் உருண்டை எழுத்து. சாவுக்கு நெட்டையன். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததல்ல, பழக்கத்தில் அப்படி ஆகிவிட்டது.

எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. நாங்கள் எழுத்தை எப்போதும் தலைகீழாகவும் இடம்வலமாகவும் பார்க்கிறவர்கள். நாள் முழுக்க நெட்டையனைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுவோம். பெட்டிக்குள் அவன் வெறும் மரம்தானே.

நிஹால் அண்ணன் மட்டும் நெட்டையன் மெஷினில் ஏறும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார். "யாரு நங்கி செத்தது?" தினமும் கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்வது? நானும் "நீங்கதான் அண்ணே" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே மை தடவுவார்.

ஆயம்மாவுக்கு ஒரு பெயர்

தோட்டங்களில் அம்மாக்கள் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் பிள்ளை மடுவம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் ஆயம்மா. நமுனுகுலப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மேற்பிரிவில், மேக்கணக்கு மடுவத்தில் தொட்டில் ஆட்டியவர் இந்த ஆயம்மா. நானும் அந்தத் தொட்டிலில் கிடந்தவள்தான். நான் அவர் விரலைக் கடித்த தழும்பை எனக்குக் கல்யாண வயது வந்த பிறகும் காட்டிக் காட்டிச் சிரிப்பார்.

அவருடைய பெயர் புஷ்பவள்ளி என்பது எனக்கே பிரஸ்ஸில் சேர்ந்த பிறகுதான் தெரியும். எல்லாருக்கும் அவர் ஆயம்மா. புருஷன் ராஜமாணிக்கம் மாமாவுக்கு அவர் 'இந்தா'. அப்படித்தான் கூப்பிடுவார். "இந்தா, தண்ணி கொண்டா", "இந்தா, செருப்பு எங்க?" முழு வாழ்க்கையையும் அந்த ஒரு சொல்லிலேயே ஓட்டிவிட்டார்.

மடுவத்துக்குப் போகிற பாதையில் மழைக்காலத்தில் வழுக்கி விழாதவர்கள் கிடையாது. அதற்குப் படி கட்டித் தரச் சொல்லிக் கேட்க ஆயம்மா ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். காலையிலிருந்து மத்தியானம் வரை வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே இருந்தவர் கடைசியாகக் குரல் கொடுத்தாராம். "யாரோ ஒரு ஆயா நிக்கிதே, அத உள்ள வரச் சொல்லு."

ஆயம்மா உள்ளே போகவில்லை. எழுந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த வருடம் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. ஆயம்மாவும் சில கொழுந்துப் பெண்களும் சேர்ந்து சுயேச்சையாக நின்றார்கள். விளக்குச் சின்னம். ராஜமாணிக்கம் மாமா, "இந்தா, ஒனக்கு வேற வேல இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பீடியைப் பற்றவைத்தாராம். எதிர்ப்பு அவ்வளவுதான், ஆதரவும் அவ்வளவுதான்.

பிரச்சினை பெயரில்தான் இருந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மடுவம் இருக்கிறது, ஒவ்வொரு மடுவத்திலும் ஓர் ஆயம்மா இருக்கிறார். 'ஆயம்மாவுக்கு ஓட்டுப் போடுங்க' என்றால் எந்த ஆயம்மாவுக்கு? புஷ்பவள்ளிக்கு என்று சொன்னாலோ சொந்த லயத்திலேயே, "அது யாரு?" என்று கேட்டார்கள். பெயர் ஊர் முழுக்க அடிபட வேண்டும். இல்லையென்றால் போட்டியிட்டும் பிரயோசனமில்லை, அந்த அலுவலகத்து வாங்கில் மறுபடியும் 'யாரோ ஒரு ஆயா'வாகப் போய் உட்கார வேண்டியதுதான்.

"செத்தாத்தான் முழுப் பேரா?"

சனிக்கிழமை காலையில் ஆயம்மா பிரஸ்ஸுக்கு வந்தார். முதலாளியின் மேசைமேல் அடையாள அட்டைக்கு எடுத்த தன் படத்தை வைத்தார். பதுளை ஸ்டூடியோவில் சிரிக்காதீங்க, கண்ண சிமிட்டாதீங்க என்று மிரட்டி எடுத்த படம். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

நான் உருண்டை எழுத்தில் பெயரைக் கோர்த்து ஒரு மாதிரி அடித்துக் காட்டினேன். 'புஷ்பவள்ளி' ஒரு வரி, 'இராஜமாணிக்கம்' அடுத்த வரி.

ஆயம்மா தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது என்னா புள்ள, ரெண்டா ஒடச்சிருக்க?"

"பேரு நீளம் ஆயம்மா. ஒரு வரியில போட்டா எழுத்து சின்னதாப் போயிடும்."

"அந்த ஆம்பளைங்க பேரெல்லாம் பெருசா ஒரு வரியில இருக்கே?"

"அவங்க பேரு சின்னது."

"அதுக்கு நான் என்னா பண்றது?" என்று சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். மெஷினுக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் அன்று காலை அடித்த ஒரு மரண அறிவித்தல் காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் ஒருவருடைய பெயர், இருக்கிற பட்டமெல்லாம் சேர்த்து, ஒரே வரியில் நின்றது. ஆயம்மா அதைக் காட்டினார். "இந்த எழுத்துல போடு."

முதலாளி பதறிப்போனார். "அம்மா, அது எழவு வேலைக்குப் போடுற எழுத்துங்க."

"ஏன் முதலாளி, செத்தாத்தான் முழுப் பேரா? உசுரோட இருக்கறவளுக்கு ஒரு வரியில பேரு போட மாட்டீங்களா?"

முதலாளி கடைக்குப் போய் மிளகாய்த்தூள் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "போடும்மா ராணி" என்றார்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அதில் ஆபத்து இருப்பதாகவே தோன்றவில்லை. நெட்டையன், உருண்டை என்கிற வித்தியாசமெல்லாம் பிரஸ்ஸுக்குள் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும், வெளியே யார் இதையெல்லாம் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம்.

கோர்த்தேன். 'ஷ்' எடுக்கும்போது கவனமாக எடுத்தேன். எங்கள் ஊவா மாகாணத்தில் புஷ்பங்கள் அதிகம். எத்தனையோ புஷ்பங்களுக்கு உழைத்து உழைத்து அந்த எழுத்தின் ஒரு பாதம் தேய்ந்துபோயிருந்தது. புஷ்பவள்ளி இராஜமாணிக்கம். தாளின் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரத்தில் கச்சிதமாக முடிந்தது. நடுவில் படம், இரண்டு பக்கமும் விளக்கு. கலர் மை எல்லாவற்றையும் பெரிய கட்சிக்காரர்கள் ஏற்கனவே வழித்துத் துடைத்திருந்தார்கள், ஆகவே கறுப்பு. கீழே முதலாளி சொந்தமாக யோசித்து ஒரு வாசகம் கொடுத்தார்: 'என்றும் மக்கள் மனதில்'.

முதல் தாள் வெளியே வந்தது. நிஹால் அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "யாரு நங்கி செத்தது?"

பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஆயம்மாதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர். அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வாசிக்கவில்லை, பெயரின்மேல் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். ஈர மை விரலில் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துணி கொடுத்தேன். வேண்டாமென்று சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறினார்.

அன்று பின்னேரம் நிஹால் அண்ணனும் ஆயம்மாவின் அண்ணன் மகனும் கோதுமை மாப் பசையோடு கிளம்பினார்கள். பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே மலை வரைக்கும், இருட்டுவதற்குள் ஒட்டி முடித்தார்கள்.

தேங்காய் துருவியவர்

பஸ்ஸுக்குத் திரும்புவோம்.

தோட்டத்துச் சந்தியில் இறங்கியபோது பாதையோரம் பையன்கள் மூங்கிலில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் தப்பு அடிப்பவர்கள். சாவுக்கென்று ஓர் அடி இருக்கிறதே, அடிவயிற்றில் விழுகிற அடி, அது. நான் பொதியோடு அழுதுகொண்டே அந்தக் கூட்டத்தோடு மேக்கணக்குக்கு ஏறினேன்.

லயத்து வாசலுக்கு வந்தோம். தப்பு ஒரு நொடியில் நின்றது.

செத்தவர் வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைப் பார்த்ததும் திருவலையை விட்டு எழுந்தார். "யாருங்க போயிட்டது?" என்று அவரே கேட்டார். அவர் முகத்தில் உண்மையான கவலை. கையில் தேங்காய்ப் பூ.

மாலையைக் கொண்டுவந்த அக்கா மெதுவாக, "நீங்கதாங்க ஆயம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொதியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். இப்போது அழுகை வேறு மாதிரி வந்தது. "நெட்டையன் ஆயம்மா! நெட்டையன்!" என்று கத்தினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர், "பிரஸ்ஸுக்காரப் புள்ளைக்கு அதிர்ச்சி தலைக்கு ஏறிடிச்சு, தண்ணி குடுங்க" என்றார்.

பொதியைப் பிரித்து ஒரு தாளை விரித்துக் காட்டி விளக்க வேண்டியதாயிற்று. எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவர்கள் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "இத யாரு வாசிச்சா? அந்த எழுத்தப் பாத்தாலே தெரியுமே, எழவுன்னு!"

பள்ளிக்கூடத்து மாஸ்டர்கூட வாசிக்கவில்லை. மலர்வளையத்தோடு வந்திருந்தார்.

அடுத்து வந்தவர் தோட்டத்து டொக்டர் ஐயா. யாழ்ப்பாணத்தவர், கோபக்காரர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆயம்மாவைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார். பிறகு திட்டினார். "என்னட்ட ஒருக்காலும் காட்டாமல் எப்பிடியம்மா சாகலாம்? நான் வழி நெடுக என்னையே ஏசிக்கொண்டு வாறன். ஒரு வருத்தமும் சொல்லேல்லையே, நான்தான் கவனிக்கேல்லையோ எண்டு!" திட்டி முடித்துவிட்டு அவர் கையைப் பிடித்து நாடியும் பார்த்தார். "நல்லாத்தான் கிடக்கு" என்று கூட்டத்துக்கு அறிவித்தார். கூட்டம் கைதட்டியது.

வெலிமடையிலிருந்து ஒருவர்

ராஜமாணிக்கம் மாமா அப்போது அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெலிமடையில் ஒரு தோட்டத்துக்கு உருளைக்கிழங்கு கிண்டப் போவார். விடியுமுன்னே கிளம்பியிருந்தார். யாரோ ஒரு லொறிக்காரர் அங்கே போய், "ஒங்க சம்சாரம் தவறிட்டாங்களாமே" என்று சொல்லி, அதே லொறியில் சந்தி வரைக்கும் ஏற்றியும் வந்திருக்கிறார்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம். கீழே கொழுந்து மலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் ஒருவர் ஓடி வருவது தெரிந்தது. காலெல்லாம் சேறு. செருப்பு இல்லை. பாதை வளைகிற இடத்திலிருந்தே குரல் வந்துவிட்டது.

"புஷ்பவள்ளி! ஏ, புஷ்பவள்ளி!"

கூட்டம் விலகி வழிவிட்டது. மாமா வாசலுக்கு வந்தார், மனைவி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆயம்மா பக்கத்தில் போய் நின்றார். "இந்தாங்க, ஒண்ணுமில்ல. போஸ்டரு பாத்துத் தப்பா வெளங்கிக்கிட்டாங்க."

மாமா தலையைத் தூக்கவில்லை. "இனிமே வெளையாடாத, புஷ்பவள்ளி" என்றார்.

ஆயம்மாவுக்கு அதுவரை ஒன்றும் ஆகவில்லை. அத்தனை பேர் அழுதும் தப்பு அடித்தும் சிரித்துக்கொண்டே இருந்தவர், இப்போது தேங்காய்ப் பூக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெயரை மாமா வாயிலிருந்து தான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கோடிச் சேலையும் மாலையும்

வந்தவர்கள் போகவில்லை. கொண்டுவந்த மாலையை என்ன செய்வது என்று குழப்பம். ஆயம்மா தலையைக் குனிந்தார். "கொண்டாந்தத எதுக்குத் திரும்பக் கொண்டு போறீங்க? போடுங்க இங்கயே."

மாலைமேல் மாலையாக விழுந்தது. பிணத்துக்குப் போர்த்தவென்று கொண்டுவந்த கோடிச் சேலைகளை ஆயம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடுவத்துத் தொட்டிலுக்கு ஆகும் என்றார். சிலர் முகம் சுளித்தார்கள். "புதுச் சேலதானே? அதுக்கு என்னா தெரியும், நீங்க என்னா நெனச்சுக் கொண்டாந்தீங்கன்னு?" என்று கேட்டதும் அடங்கிப்போனார்கள். எழவு வீட்டுக்கென்று வந்த அரிசியும் பருப்பும் அடுப்பேறின.

பிறகு முக்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டு ஏறி நின்றார். அதுவரை அவர் மேடையேறிப் பேசியவரல்ல.

"செத்தா இம்புட்டுப் பேரு வருவீங்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். ரொம்பச் சந்தோசம். ஆனா ஒண்ணு கேக்குறேன். செத்தவளப் பாக்க மலையேறி வந்த காலு, உசுரோட இருக்கறவளுக்கு ஓட்டுப் போடப் பள்ளிக்கூடம் வரைக்கும் வராதா?"

சிரிப்பு மேக்கணக்கில் ஆரம்பித்துக் கீழ்ப்பிரிவான பணியக்கணக்கு வரைக்கும் இறங்கிப் போனது.

"எம் பேரு என்னா?" என்று கேட்டார்.

"புஷ்பவள்ளி!" என்றது கூட்டம்.

"முழுசாச் சொல்லுங்க."

சொன்னார்கள். தப்புக்காரர்களைப் பார்த்து, "அந்த அடி வேணாம், தேர் அடி அடிங்க" என்றார். அடித்தார்கள். டொக்டர் ஐயாவின் செருப்புக்கூட தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க மலையில் வேறு பேச்சில்லை. யார் செத்ததாம்? புஷ்பவள்ளி. சாகலையாமே? ஆமா, புஷ்பவள்ளி சாகல. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், கடையில், பஸ்ஸில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அந்தப் பெயர்தான். பெரிய கட்சிகளின் கலர்ப் போஸ்டர்களை மழை நனைத்துக்கொண்டிருந்தது.

ஆயம்மா வென்றார். பதுளையில் முடிவு அறிவிக்கிறபோது ஒலிபெருக்கியில் அவர் முழுப்பெயரையும் ஒருவர் மூச்சு விடாமல் வாசித்தார். ஆயம்மா என் கையைக் கிள்ளினார். "பாத்தியா புள்ள, ஒரே வரியில படிக்கிறாரு."

மடுவத்துக்குப் படி வந்தது. வழுக்கி விழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற வாய்ப்பு எங்களுக்குப் போனது.

கட்சி மாறிய எழுத்து

அதன்பிறகு நெட்டையனுக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. அடுத்த தேர்தலில் யார் வந்தாலும், "ஆயம்மாவுக்குப் போட்ட எழுத்து இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். பின்னால் கடை திறப்புக்குக் கேட்டார்கள். கல்யாணத்துக்கே ஒருவர் கேட்டார், பெண்வீட்டார் சம்மதிக்கவில்லை. கடைசியில் எழவு வீட்டுக்காரர்கள், "அது எலெக்சன் எழுத்துங்க, எங்களுக்கு வேறயா போடுங்க" என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. முதலாளிக்குத் தலை சுற்றியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பிரஸ்ஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எந்த எழுத்தையும் இரண்டு பக்கமும் அமுக்கி ஒல்லியாக்கலாம் என்றார்கள். அமுக்கிப் பார்த்தேன். தடிக்கோடெல்லாம் சூம்பிப்போய், காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவர்களைப் போல நின்றன. ஒல்லியாகப் பிறந்த எழுத்து வேறு, ஒல்லியாக்கிய எழுத்து வேறு. பிறகு நெட்டையனை ஒவ்வொன்றாக அடித்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, ஓரம் ஓரமாக வரைந்து எடுத்தேன். 'ஷ்' எழுத்தின் தேய்ந்த பாதத்தைச் சரிசெய்ய மனம் வரவில்லை. அப்படியே விட்டேன்.

ஆயம்மா இரண்டு தடவை சபையில் இருந்தார். பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, டொக்டர் ஐயாவிடம் ஒழுங்காகக் காட்டி, மருந்தும் குடித்து, அதன்பிறகுதான் போனார்.

ராஜமாணிக்கம் மாமா பிரஸ்ஸுக்கு வந்தார். அதே படத்தை மேசைமேல் வைத்தார். வேறு படங்கள் இப்போது எத்தனையோ இருந்தன, மாலை போட்டவை, சிரிப்பவை. அவர் கொண்டுவந்தது அதைத்தான்.

"பேர ஒடச்சிடாத புள்ள."

"ஒரே வரியில போடுறேன் மாமா."

நெட்டையனில்தான் போட்டேன். இரண்டு பக்கமும் விளக்கு. நிஹால் அண்ணன் தாளைப் பார்த்தார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பசை வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் நனைந்து வந்து, என் எதிரே வாங்கில் உட்கார்ந்தார்.

"நங்கி, நமுனுகுல கடைச் சுவத்துல ஒட்டுறப்ப ஒரு பெரியவரு வந்தாரு. தூரத்துலயே நின்னு பாத்தாரு. ஒரே சிரிப்பு."

"சிரிச்சாரா?"

"ஆமா. 'புஷ்பவள்ளி மறுபடியும் நிக்கிதா? நம்ம ஓட்டு அதுக்குத்தான்'னு சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நிஹால் அண்ணன் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தார்.

"சரின்னு சொன்னேன்."

ஆயம்மாவுக்காகப் பஸ்ஸில் ஒரு தடவை அழுது முடித்திருந்ததாலோ என்னவோ, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.